முதல் பக்கத்தில் மொக்கம்மாள்

போடியில் ஏலக்காய் வியாபாரிக்கு இணையத்தில் முகவரி அமைத்துக் கொடுப்பதைப் போல மனுசனை அலுக்கவைக்கும் வேலை வேறு இல்லை என்பது லிங்கேஸ்வரனின் முடிவான கருத்து. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜூஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் லிங்கம் டிஜிட்டல் அவருடையது. பாஸ்போர்ட் போட்டோ, ஜெராக்ஸ், பிளக்ஸ் பேனர், இவற்றோடு வெப்சைட். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையைக் கொஞ்சம் கவுரவமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தார். அப்பா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. கழுத்து வலியும் கண் எரிச்சலும் வயதுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன.

வருகிற வியாபாரி ஒவ்வொருவருக்கும் முகவரியில் குலசாமி பெயர் வேண்டும். அய்யா பெயர் வேண்டும். மகள் பெயரில் முதல் எழுத்தாவது உள்ளே நுழைய வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் அது மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும். போன வருசம் காசிமாயன் வந்தபோதும் இதே கூத்துத்தான்.

“அண்ணே, டெல்லியில இருக்குறவன் உங்க குலசாமியவா தேடப் போறான்? ஏலக்காயத் தேடுவான். அவன் எதை அடிச்சுத் தேடுவானோ அது முகவரியில இருக்கணும்” என்றார் லிங்கேஸ்வரன்.

“அதுக்காகச் சாமியத் தள்ளி வைக்கச் சொல்றியா?”

“சாமி உள்ள இருக்கட்டும்ணே. வாசல்ல ஏலக்காய் இருக்கட்டும். அதுலயும் பாதிப் பேரு உள்ள வந்தே பாக்க மாட்டான். தேடுனா ஒரு வரி வரும்ல, அதப் படிச்சுட்டு அங்கனயே முடிவு கட்டிருவான்.”

இந்தப் பாடத்தைச் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கே தேய்ந்திருந்தது. கடைசியில் காசிமாயன் இறங்கிவந்தார். போடி, பச்சை, ஏலக்காய் என்ற மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில், நடுவில் சின்னக் கோடு போட்டு முகவரியாக்கினார்கள். ஆறேழு மாதம் மல்லுக்கட்டிய பிறகு காசிமாயன் கடை முதல் பக்கத்தில் வந்தது. அவர் அதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். கம்பெனியில் காய் பொறுக்கும் பெண்களுக்கும் காட்டினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தூக்குவாளிப் பையோடு ஒரு அம்மா கடைக்குள் வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவள் வருவதற்கு முன்னாலேயே ஏலக்காய் வாசம் வந்தது.

“தம்பி, எங்க மொதலாளியப் போன்ல தேடுனா மொதல்ல வர்றதுக்கு நீங்கதான் ஏதோ செஞ்சீகளாம்ல?”

“ஆமாத்தா. என்ன வேணும்?”

“நான் மொதல்ல வரணும்.”

லிங்கேஸ்வரன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. “நீங்க என்ன ஏவாரம் பண்றீக?”

“ஏவாரம் ஒண்ணுமில்ல. காய் பொறுக்குறேன். பேரு மொக்கம்மா, சிலமலை.”

“அப்ப உங்கள யாரு தேடப் போறா?”

“எம் மகன்” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்ன கதை போடியில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். லிங்கேஸ்வரனுக்கும் அரைகுறையாகத் தெரியும். அவள் மகன் அருண்பாண்டி ஜீப்பு டிரைவர். விடியுமுன் சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காயெடுப்புக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவான். முந்தின வருசம் ஐப்பசி மழையில் ஒரு வளைவில் லாரிக்கு ஒதுங்கினான். ஓரத்து மண் உள்வாங்கி ஜீப்பு காப்பிச் செடிகளுக்குள் உருண்டது. கை போனது, கால் போனது என்று ஆளுக்கொரு காயம். ராசிங்காபுரத்துப் பொற்கொடி மட்டும் வண்டிக்கு அடியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவளை அருண்பாண்டிதான் தோளில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தான். தேனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மத்தியானத்துக்குள் யாரோ ஒரு புண்ணியவான், “பிள்ளை போயிருச்சாம்” என்று சொல்லிவிட்டான். நம் பக்கத்துச் சங்கதிதான் தெரியுமே. பிணம் வீடு வந்து சேருமுன் பேனர் வந்து சேர்ந்துவிடும். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. பொற்கொடியின் மாமன் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சாயங்காலமே ராசிங்காபுரம் முக்கில் பேனர் கட்டிவிட்டார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே இரண்டு கை விளக்கு, கண்ணீர் அஞ்சலி, வரிசையாக மாமன் மக்களின் படங்கள். பொற்கொடி மறுநாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். பேனரை அவிழ்த்து ஆட்டுக் கொட்டத்துக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் படம் அதற்குள் எல்லாப் போனுக்கும் போய்விட்டது. போடிமெட்டு டீக்கடையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அருண்பாண்டிக்கும் வந்தது. கூடவே, “கிடைச்சா வெட்டாம விட மாட்டோம்” என்று ஒரு குரல் பதிவும் வந்தது. அவன் போனைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினான். இறங்கினவன் இறங்கினவன்தான்.

“அவன் கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுறான் தம்பி. வக்கீலு சொல்றாரு, யாரும் சாகல, கேசு பெருசா ஒண்ணும் நிக்காது, ஆளு வந்தாப் போதும்னு. வெட்டுவேன்னு சொன்ன பயலுகளும் இப்ப என்னைய எதுக்கப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறாய்ங்க. எம் மகனுக்கு இது எதுவும் தெரியாது.” மொக்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “என்னைக்காச்சும் போன்ல தேடாமலா இருப்பான்? தேடுனா அந்தப் பிள்ளை இருக்குன்னு அவனுக்குத் தெரியணும். அம்புட்டுத்தான்.”

லிங்கேஸ்வரனுக்கு முதலில் வந்தது எரிச்சல். ஏற்கெனவே பாரம் தாங்காமல் நிற்கும் ஜீப்பில் இன்னும் ஒரு ஆளை ஏற்றியதுபோல இருந்தது. முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திருப்பினார். சொல்வதற்கு முன்னால் பொற்கொடி, ராசிங்காபுரம் என்று அடித்துப் பார்த்தார்.

முதல் இடத்திலேயே வந்தது. கண்ணீர் அஞ்சலி. ஒளிவட்டத்தோடு பொற்கொடி.

‘போடி மின்னல்’ என்று ஒரு பையன் நடத்திய செய்தித் தளம் அது. விபத்தன்று அவசரமாகப் போட்ட பக்கம். பொற்கொடி, ராசிங்காபுரம், போடிமெட்டு, ஜீப்பு, விபத்து, கண்ணீர் அஞ்சலி என்று தேடுகிறவன் அடிக்கக்கூடிய எல்லாச் சொல்லும் முகவரியிலேயே கோர்த்துக் கிடந்தன. விவரம் தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, கச்சிதமாகச் செய்திருந்தான். செய்தவன் இப்போது துபாயில். தளத்துக்கான கடவுச்சொல் அவனுக்கே மறந்துபோயிருந்தது. லிங்கேஸ்வரன் போன் போட்டுக் கேட்டபோது, “அண்ணே, அத விட்டு ரொம்ப நாளாச்சுண்ணே” என்று கொட்டாவி விட்டான். தேடுபொறிக்காரர்களுக்கு மனு எழுதினார். கிணற்றில் போட்ட கல்.

ஆக, பொய் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதைக் கீழே தள்ள வேண்டுமென்றால் உண்மைக்கும் ஒரு நல்ல முகவரி வேண்டும். அதற்குப் பொற்கொடி சம்மதிக்க வேண்டும்.

பொற்கொடி இப்போது வேலை பார்த்ததும் காசிமாயன் கம்பெனியில்தான். மலை ஏற முடியாமல் போனவளுக்கு அந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் மொக்கம்மாள். நீளமான கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முன்னால் கொட்டிய காயில் வெடித்ததையும் பழுப்படித்ததையும் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பொற்கொடியின் இடது கால் மடங்காமல் நேரே நீட்டிக் கிடந்தது. ஒரே குவியலில் அவளும் மொக்கம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து பொறுக்கினார்கள். மகன் பெயரை மட்டும் இரண்டு பேரும் இதுவரை எடுத்ததில்லை.

லிங்கேஸ்வரன் விசயத்தைச் சொன்னார். பொற்கொடி காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணே, எனக்குத் தெரியும் நான் செத்தவள்னு. பொண்ணு பாக்க வர்றேன்னு சொன்னவுக போன்ல தேடியிருக்காக. இந்தப் பேருல ஒரு பிள்ளை செத்துப்போச்சே, அது யாருன்னு கேட்டாக. நான்தான்னேன். அதுக்கப்புறம் வரல.”

“அதுக்காகவாச்சும் உங்க போட்டோ ஒண்ணு குடுத்தீகன்னா...”

“குடுக்க மாட்டேன்” என்றாள். “தோள்ல தூக்கிக் கொண்டாந்து போட்டான், சரி. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருந்தா நான் இருக்கறது தெரிஞ்சிருக்கும். பேனரப் பாத்தான், ஓடிட்டான். ஆளப் பாக்காம பேனரப் பாத்தவனுக்கு நான் எதுக்குப் போட்டோ குடுக்கணும்?”

மொக்கம்மாள் தலையைக் குனிந்தபடி பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நல்ல காயையும் கெட்ட காயையும் ஒரே பக்கம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள் என்பதை லிங்கேஸ்வரனே கவனித்தார். பொற்கொடியும் கவனித்தாள். கையை நீட்டி, கலந்துபோனதை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடி பிரித்தாள். பிரித்து முடித்துவிட்டு லிங்கேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் சொல்றத அப்படியே போடுவீகளா?” என்று கேட்டாள்.

“போடுறேன்.”

“நான் சாகல. ஒம் மேல கோவமா இருக்கேன். வந்து நேர்ல பாத்துட்டுப் போ. இத மட்டும் போடுங்க. வேற அழுகாச்சிக் கதையெல்லாம் வேண்டாம்.”

நீட்டிய காலோடும் மடி நிறையக் காயோடும் அவளைப் படம் எடுத்தார். எதிரே இருந்த மொக்கம்மாளின் பாதி முகமும் அதில் விழுந்தது.

அன்றே முகவரி குறித்தார்கள். பழைய பக்கத்தில் இருந்த அதே சொற்கள், அஞ்சலி மட்டும் இல்லாமல். மொக்கம்மாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “எம் பேரு எங்க தம்பி?” என்றாள்.

“உங்க பேர அவன் தேட மாட்டான் ஆத்தா. பயந்து ஓடுனவன் செத்தவளத்தான் தேடுவான்.”

“பெத்தவளத் தேட மாட்டானா?”

இதற்குப் பதில் தேட அவருக்குச் சோம்பலாக இருந்தது. பக்கத்தின் அடியில், ‘இப்படிக்கு மொக்கம்மாள், சிலமலை’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்து அவளை அனுப்பிவைத்தார்.

புதுப் பக்கம் மெல்ல மெல்ல ஏறி இரண்டாவது இடத்துக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மொக்கம்மாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். அடுப்பில் வைத்த உலையைப் பார்க்கிறவள் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். “ஆளு வந்துச்சா தம்பி?” என்பாள். வந்தவர்கள் யார் யாரோ. பொழுது போகாதவர்கள், விபத்துப் படம் பார்க்கிறவர்கள். இன்னும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி லிங்கேஸ்வரனுக்கு ஞாயிறு என்றாலே பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஒளிந்துகொண்டார். அவள் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

“ஒடம்புக்கு முடியலையா தம்பி?” என்று தூக்குவாளியிலிருந்து சுக்குத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆடி முடிந்த சமயம். எந்தெந்தச் சொல்லைத் தேடியபோது தளம் கண்ணில் பட்டது என்று காட்டும் கணக்கு ஒன்று உண்டு. காசிமாயன் தளத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் கையோடு இதையும் திறந்தார். அரிதாகத் தேடுகிற சொற்களை அது பெரும்பாலும் மறைத்துவிடும். ஒன்று மட்டும் எப்படியோ தப்பி அடியில் கிடந்தது.

மொக்கம்மாள் சிலமலை கண்ணீர் அஞ்சலி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு தடவை அல்ல. ஆனி அமாவாசையை ஒட்டி ஒன்று, ஆடி அமாவாசையை ஒட்டி ஒன்று. அடியில் போட்ட அந்தப் பொடி வரியால்தான் பக்கம் அந்தத் தேடலில் தலைகாட்டியிருக்கிறது. அதுவும் எங்கோ கடைசியில். தேடியவன் அதைக் கவனிக்கவில்லை. அம்மா பேரில் அஞ்சலி இல்லை என்று நிம்மதியாகி மூடிவைத்திருப்பான்.

பொற்கொடியை அருண்பாண்டி ஒருநாளும் தேடவில்லை. அவள் செத்தது அவனுக்குத் தீர்ந்துபோன விசயம். அம்மா இருக்கிறாளா என்பதுதான் அவன் கேள்வி. நம் சனங்கள் இருக்கும்போது இணையத்தில் எங்கே வருகிறார்கள்? போனால்தான் ஒளிவட்டத்தோடு வருகிறார்கள். இது அந்தப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருசம் இதே தொழிலில் கிடக்கும் தனக்குத் தோன்றவில்லை. லிங்கேஸ்வரனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொக்கம்மாளிடம் சொன்னார். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் அந்த வரியைப் படித்துக் காட்டத்தானே வேண்டும். அவள் அழுவாள் என்று நினைத்தார்.

“அமாவாசைக்கா தேடுறான்?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நான் செத்திருந்தா எள்ளுந்தண்ணியும் எறைக்கணும்ல. அதான் பாத்திருக்கான் முட்டாப் பய.” அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. “பாத்தீகளா, பெத்தவளத்தான் தேடியிருக்கான்.”

“ஆத்தா, அவன் அடுத்த தடவை தேடும்போது நம்ம பக்கம் மேல நிக்கணும். அதுக்கு முகவரியிலயே அந்தச் சொல்லு இருக்கணும்.” அவர் கீபோர்டைத் தள்ளி வைத்தார். “உசுரோட இருக்குற உங்க பேருல கண்ணீர் அஞ்சலின்னு போடணும். எனக்கு மனசு வரல.”

மொக்கம்மாள் சிரித்தாள். “செத்ததாச் சேதி பரவுனா ஆயுசு கெட்டிம்பாக. பொற்கொடியப் பாருங்க, கல்லுக் கணக்கா இருக்கா. போடுங்க தம்பி.”

எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்த கைதான் அது. எதிரே உட்கார்ந்து சுக்குத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அடித்ததில்லை. அவள் பெயர், ஊர், கண்ணீர், அஞ்சலி என்று கோடு போட்டுக் கோர்த்து முகவரியைப் பதிந்தார். வருசத்துக்கொரு தடவை கட்ட வேண்டியதைத் தானே கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தலைப்பில், ‘மொக்கம்மாள், சிலமலை, கண்ணீர் அஞ்சலி என்பது பொய், அவர் நலமாக இருக்கிறார், அருண்பாண்டி வீட்டுக்கு வரவும்’ என்று முழுசாக எழுதினார். உள்ளே இரண்டு பெண்களும் காய்க் குவியலோடு இருக்கும் படம். பொற்கொடியின் வார்த்தைகள். அடியில் வழக்கம்போலத் தன் கடை விலாசம்.

நாலைந்து நாளிலேயே பக்கம் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சொற்களுக்குப் போட்டி போட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஏலக்காயை ஏற்ற ஆறேழு மாதம் தலைகீழாக நின்றவருக்கு, மொக்கம்மாள் தண்ணீர் குடிக்கிற மாதிரி முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்தது சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. எப்படியோ மொக்கம்மாளின் தம்பி கண்ணிலும் பட்டு, அவர் கம்பத்திலிருந்து அழுதுகொண்டே போன் செய்தார். அக்காள் உயிரோடு பேசியதும் அவளைப் பிடி பிடியென்று பிடித்தார்.

ஆவணி அமாவாசை வந்தது, போனது. போன் எதுவும் வரவில்லை. ஞாயிறு வந்த மொக்கம்மாள், “பாத்தானா தம்பி?” என்றாள். கணக்கு வந்து சேர நாலு நாள் ஆகும் என்றார். அவளுக்கு முதல் தடவையாக முகம் விழுந்துவிட்டது. தூக்குவாளியை மறந்து வைத்துவிட்டுப் போனாள். இனி அவளுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு முகவரி போதும் என்று நம்பவைத்தது தான்தானே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில், ஒரு கல்யாணப் பேனரில் மாப்பிள்ளைக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். புதிதாக மழித்த மொட்டை, சவரக்கத்தி பட்ட கீறல்கூட ஆறவில்லை. கையில் கவரோடு ஒரு ரோஜா மாலை. தோளில் பை.

“அண்ணே, லிங்கம் டிஜிட்டல் இதானா?”

“ஆமா, சொல்லுங்க.”

“சிலமலை மொக்கம்மாளுக்கு அஞ்சலி போட்டது நீங்கதானாண்ணே?” குரல் உடைந்து கிடந்தது. “கடை பேரு கீழ இருந்துச்சு. நேரா வீட்டுக்குப் போகத் தைரியம் வரல. கருமாதி முடிஞ்சிருச்சாண்ணே?”

லிங்கேஸ்வரன் மவுசை விட்டுவிட்டு எழுந்தார். “எங்க, போனக் காட்டுங்க.”

கண்ணாடி விரிசல் விட்ட சின்னப் போன். தேடினால் வருகிற முதல் வரி. மொக்கம்மாள், சிலமலை, கண்ணீர் அஞ்சலி, அதற்குப் பின்னால் மூன்று புள்ளி. மிச்சத்தைப் போன் வெட்டிவிட்டிருந்தது. அடியில், லிங்கம் டிஜிட்டல், பஸ் ஸ்டாண்ட் எதிரில், போடி. கடையின் பெரிய திரையில் தலைப்பை முழுசாகப் பார்த்துத் திருப்திப்பட்டவர், ஒரு சின்னப் போனை எடுத்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தான் மறந்துவிட்டார்.

“இதத் தெறந்து பாக்கலையா?”

“எப்படிண்ணே தெறக்குறது?” என்றான் அருண்பாண்டி. “உள்ள அம்மா போட்டோ இருக்கும்ல.”

லிங்கேஸ்வரன் அவன் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்து அழுத்தினார். பக்கம் மெதுவாகத் திறந்தது. முதலில் காய்க் குவியல் வந்தது. அப்புறம் நீட்டிய கால். அப்புறம் பொற்கொடி. அப்புறம் அம்மாவின் பாதி முகம். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்த இடத்திலேயே மறுபடி படித்தான். மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

லிங்கேஸ்வரன் தன் போனில் மொக்கம்மாளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். வேறு குரல் எடுத்தது.

“அத்தே கை கழுவப் போயிருக்காக. நான் பொற்கொடி பேசுறேன். யாரு, லிங்கண்ணனா?”

கீழே இருந்தவன் அந்தக் குரலைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்குள்ளிருந்து சத்தம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் காய் உருட்டும் சத்தம் நின்றது.

“அண்ணே, யாரு அழுகுறது?”

“மாலையோட ஒரு ஆளு வந்திருக்கான்மா. மொட்டையடிச்சுட்டு.”

“இப்பவும் ஆளப் பாக்காம பேனரத்தான் பாத்துட்டு வந்தானா?” என்றாள் பொற்கொடி. திட்டத்தான் ஆரம்பித்தாள், குரல் கடைசியில் பிசகிவிட்டது. “அத்தே, வெரசா வாங்க” என்று தூரத்தில் கூப்பிடுவது கேட்டது. செருப்பில்லாத கால் ஓடிவருவதும் கேட்டது.

“தம்பி” என்றாள் மொக்கம்மாள். மூச்சு வாங்கியது. “வந்துட்டானா?”

“வந்துட்டான் ஆத்தா. பேசுறானான்னு...”

“பேச வேண்டாம். போன்ல என்னத்தப் பேச. சாப்பிட்டானா கேளுங்க.” அவள் அழுகையை விழுங்குவது கேட்டது. “மாலைய அங்கனயே விட்டுட்டு வரச் சொல்லுங்க. மொட்டை மொளைச்சுக்கிரும்.”